வண்டியைப் பிடியாதே

புதுக்கடை நீதிமன்றத்தில்
மொழிபெயர்ப்பாளரை இன்னும் முதலியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
சேலை கட்டிய முதலியார் நான்.
மொழி மூன்று, சம்பளம் ஒன்று.

இன்று ஆட்கொணர்வு மனு.
மனுதாரர் ஜம்பட்டா வீதி, சூசைப்பிள்ளை றெஜினம்மா.
மகன் றெக்ஸன், வயது இருபத்தாறு, ஓட்டோ ஓட்டுபவன்.
ஜிந்துப்பிட்டிச் சந்தியில் வைத்து
ஓட்டோவோடு கொண்டுபோனார்கள்.
பதினோராம் நாள் ஓட்டோ திரும்பி வந்தது.
மீற்றரில் நானூற்று முப்பது ரூபாய்.

சட்டத்தரணி கனகநாயகம் எழுந்தார், இருமினார்,
ஆங்கிலத்தில் எண்ணூறு வருடம் பின்னால் போனார்.
ஓர் ஆறு. கரையில் புல்வெளி.
வரி கொடுத்துச் சலித்த பிரபுக்கள், இடுப்பில் வாள்.
அரசன் கையெழுத்து வைக்கவில்லை,
மெழுகில் முத்திரை மட்டும்.
ஆட்டுத்தோலில் ஒரு வரி:
சுதந்திர மனிதன் எவனும்
பிடிக்கப்படான், அடைக்கப்படான்,
நாட்டின் சட்டப்படி அன்றி.

தாயின் காதருகே குனிந்து
மெல்லத் தமிழாக்கினேன்.
"என்ர பிள்ளை சுதந்திரமான ஆள்தானே, மிஸ்?"

அந்தக் கேள்வி பதிவேட்டில் இல்லை.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.
எனக்குத் தெரியும், அந்தச் சொல் ஒடுக்கமானது.
பிரபுவின் வயலை உழுத அடிமைக் குடியானவன்
அதற்குள் அடங்கவில்லை.
ஆடு மேய்த்தவனுக்கு
ஆட்டின் தோலில் இடம் கிடைக்கவில்லை.
"ஓம்" என்றேன்.
இருபது வருடத்தில் நான் சொன்ன
மூலம் இல்லாத ஒரே சொல்.

பதினேழாம் திகதிக்குத் தவணை.

பின்னேரம் 138 இல் தொங்கிக்கொண்டு
கறுவாத்தோட்டம் போய் இறங்கினேன்.
நூதனசாலையில் ஒரு தூண் இருக்கிறது,
ஆட்டுத்தோலுக்கு இருநூறு வருடம் மூத்தது.
பழஞ்சிங்களம். காவலாளிக்கும் எனக்கும்
ஒரே அளவு விளங்காத எழுத்து.
பக்கத்துப் பலகையில் தமிழும் உண்டு,
அரசன் அங்கே "அரசண்" ஆகியிருந்தான்.

அரச சேவகர் இக்காணிக்குள் நுழையற்க.
வண்டி பிடியாதீர். எருது பிடியாதீர்.
ஆளைப் பிடித்து வேலை வாங்காதீர்.

இதுவும் எல்லோருக்கும் இல்லை,
விகாரைக் காணிக்கு மட்டும்.
ஆனாலும் சிரிப்பு வந்தது.
அந்த ஆட்டுத்தோலிலும் இதே சங்கதிதான்:
கேளாமல் குதிரை எடுக்காதே,
வண்டி எடுக்காதே.
கடலுக்கு இப்பாலும் அப்பாலும்
அரசனின் ஆட்களுக்கு
ஊரான் வண்டியில்தான் கண்.

முத்திரை காய்ந்து பத்துக் கிழமை ஆகவில்லை,
தோல் செல்லாது என்று அறிவித்தாயிற்று.
திரும்ப எழுதினார்கள். திரும்ப மீறினான் அடுத்தவன்.
வரி கேட்டு வந்த ஒவ்வொரு அரசனிடமும்
முதலில் இதை உறுதிசெய் என்று நீட்டினார்கள்.
பிரபுக்கள் தங்களுக்காகத் திறந்த கதவிடுக்கில்
பின்னால் வந்த யார் யாரோ காலை வைத்தார்கள்.
கால் நசுங்கியது. எடுக்கவில்லை.
அந்த இடுக்கு வழியாகத்தான்
ஆளைக் கொண்டுவந்து காட்டு என்ற கட்டளை
கப்பலேறிப் புதுக்கடைக்கு வந்தது.
அதைக் கொண்டுவந்தவர்களும்
இங்கே அதை வேண்டிய நேரத்தில் பூட்டித்தான் வைத்தார்கள்.

தூணின் மேலே ஞாயிறும் பிறையும்.
கீழே ஒரு காகம், ஒரு நாய்.
இதை மீறுபவன்
காகமாய், நாயாய்ப் பிறக்கக் கடவான்.

மறுநாள் காலை நீதிமன்ற மதிலோரம்
சோற்றுப் பார்சல் தாளை
ஒரு காகமும் நாயும் இழுத்துக்கொண்டிருந்தன.
எந்த இலாகா என்று கேட்கலாம் போல் இருந்தது.

றெஜினம்மா படியில் இருந்தாள்.
"இன்றைக்குத் தவணை இல்லையே, அம்மா."
"தெரியும்."
அவள் கையில் ஓட்டோச் சாவி,
ஜெபமாலையோடு சேர்த்துக் கோத்தது.
"பதினேழாம் திகதியும் ஐயா
அந்த ஆட்டுத்தோலைத்தான் வாசிப்பாரோ?"
"அதைத்தான்."
"அப்ப அந்தச் சொல்லை மட்டும்,
சுதந்திரம் எண்டதை,
கொஞ்சம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ."

காகம் எழும்பி
நீதிமன்றக் கூரையில் போய் இருந்தது.
நாய் அசையவில்லை.